தாழியும் பாட்டும்
(அருங்காட்சியகம் மக்கள்முன் வந்த வரலாறு)

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் இருப்புப்பாதை கோவில்பட்டியைக் கடந்ததும் இருபுறமும் கரிசல் காடு விரிகிறது. மணியாச்சியில் அப்பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று தூத்துக்குடிக் கடற்கரைக்கும் மற்றொன்று பொருநைக் கரையிலுள்ள திருநெல்வேலிக்கும் செல்கிறது. 1911 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் இந்நிலையத்தில் நின்றிருந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். ஆஷுக்குத் தூத்துக்குடியில் நினைவு மண்டபமும் பாளையங்கோட்டையில் கல்லறையும் எழுந்தன. வழக்கின் ஆவணங்கள் சென்னை ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தன. நிகழ்ச்சி நடந்த இடத்தில் வண்டிக்காகக் காத்திருப்பவர் கண்ணில் முதலில் படுவதோ நிலையத்தின் பெயருக்குமுன் பின்னாளில் சேர்க்கப்பட்ட ‘வாஞ்சி’ என்னும் சொல்தான். கல் ஓரிடத்தில், காகிதம் ஓரிடத்தில், நினைவு ஓரிடத்தில் என வரலாறு இங்கே மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

இந்நிலை மணியாச்சிக்கு மட்டும் உரியதன்று. தென்பாண்டி நாட்டின் தொல்பொருள்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தொலைநகரங்களில் இருந்தன. அவற்றுக்குரிய பாட்டும் கதையும் வழிபாடும் இம்மண்ணில் இருந்தன. இவ்விரண்டும் மீண்டும் சந்திக்கும் இடமே அருங்காட்சியகம். சந்திக்கும் நாளே கண்காட்சியும் பொதுவிழாவும். அச்சந்திப்பு எப்போது வாய்த்தது, எப்போது வாய்க்காமற் போயிற்று, இன்று வாய்த்திருப்பதை எவ்வாறு காப்பது என்பதை ஆராய்வது இலக்கியத்தாருக்கும் உரிய கடமையாகும்.

‘செத்த காலேஜ்’

தமிழகத்தின் முதல் பொது அருங்காட்சியகம் 1851 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றியது. அதனைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். அன்று அதற்குக் கிடைத்த இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மேல்மாடி. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தமிழ் முதலிய மொழிகளைக் கற்பிக்க ஏற்பட்ட கல்லூரி அது. தமிழ்ச் சுவடிகளும் தமிழ்ப் புலவர்களும் நடமாடிய மனையிலேயே கல்லும் கனிமமுமாக முதல் காட்சிப்பொருள்கள் அடுக்கப்பெற்றன என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. 1854 ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு மாறியது. இடம் மாறியும் ‘காலேஜ்’ என்ற பெயர் மக்கள் வாயிலிருந்து மாறவில்லை.

பால்ஃபர் விரைவில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தபோது பார்வையாளர் கூட்டம் பெருகியது. ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளையும் பெற்று 1855 ஆம் ஆண்டில் அங்கேயே உயிரியல் பூங்கா ஒன்றைத் தொடங்கினார். பின்னர் விலங்குகள் 1863 ஆம் ஆண்டில் மக்கள் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. சென்னை மக்கள் இரண்டுக்கும் தாமே பெயரிட்டனர்: விலங்குகள் உலவிய இடம் ‘உயிர்க் காலேஜ்’, பாடம் செய்த உடல்களும் கற்சிலைகளும் நின்ற இடம் ‘செத்த காலேஜ்’.

இப்பெயரைப் பாமரர் கேலி என ஒதுக்கிவிடுதல் தகாது. அருங்காட்சியகம் பற்றித் தமிழில் பிறந்த முதல் திறனாய்வு இதுவே எனலாம். பொருளை அது பிறந்த இடத்திலிருந்தும், அதனைப் பயன்படுத்திய கையிலிருந்தும், அதனைப் பாடிய நாவிலிருந்தும் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்தால் அது செத்துவிடுகிறது என்பதை மக்கள் இரண்டே சொற்களில் கூறிவிட்டனர்.

எனினும் அம்மக்கள் அங்குச் செல்லாமல் இருந்துவிடவில்லை. காணும் பொங்கலன்று கட்டுச்சோறுடன் குடும்பம் குடும்பமாகச் சென்று அருங்காட்சியகத்தை நிரப்பினர். அரசு அறிவிக்காத விழாவை மக்களே உண்டாக்கிக்கொண்டனர். ‘காணுதல்’ என்பதையே பெயராகக் கொண்ட நாளில் உற்றாரைக் காண்பதுபோல் முன்னோர் பொருளையும் காணச் சென்றது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமற்றதன்று. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில், வெளியில் வராத கோஷாப் பெண்கள் தடையின்றிப் பார்த்துச் செல்லத் தனிநேரம் ஒதுக்கப்பட்டது. வீட்டு வாயிலையும் தாண்டாத பெண்கள் உலகப் பொருள்களைக் கண்ட அந்நேரம் தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றிலும் ஒரு வரியாவது பெறவேண்டியது. 1896 ஆம் ஆண்டில் கன்னிமரா நூலகம் அதே வளாகத்தில் திறக்கப்பட்டது. அருங்காட்சியக அரங்கும் அதே ஆண்டில் எழுந்தது. நூலும் நாடகமும் சொற்பொழிவும் காட்சிப்பொருளும் ஒரே வளாகத்தில் இடம்பெறலாம் என்பதற்கு எழும்பூர் அன்றே வழி காட்டியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தர்ஸ்டன் பொருள்களைக் காட்டியதோடு நில்லாமல், பார்க்க வந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டார். அவ்வளவைகள் 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய பெருநூலுக்குப் பயன்பட்டன. காண வந்தவர் காட்சிப்பொருளாக்கப்பட்டார். காண்பவர் யார், காட்டப்படுபவர் யார், காட்டும் உரிமை யாருடையது என்னும் வினாக்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

பாட்டின்றிச் சென்ற தாழி

மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது 1876 ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் செருமானிய அறிஞர் யாகோர் பொருநைத் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரைத் தோண்டினார். பரம்பு எனப்படும் அம்மேட்டு நிலத்தின் பரப்பு 114 ஏக்கர். அதனுள் முதுமக்கள் தாழிகள் நெருக்கமாகப் புதைந்திருந்தன. யாகோர் எடுத்தவை பெர்லின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லாப்பிக்கும் இங்கே தோண்டினார்.

தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை இங்கு அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், எருமையும் சேவலும் மானும் அமைந்த வெண்கல உருக்கள், மூடிகள், இரும்பு வாள்கள், வேல்கள், மண்வெட்டிகள், உமி, துணியின் எச்சங்கள் ஆகியன வெளிப்பட்டன. இவை சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றன. அவற்றின் பட்டியல் 1915 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று.

இவ்விடத்தில் கவிஞர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலாகப் பதிப்பித்தது 1894 ஆம் ஆண்டில். தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாடல்கள் அந்நூலில் உள்ளன. அவற்றுள் ஒன்று, மறைந்த சோழனின் புகழுக்கேற்ற அளவில் தாழி செய்ய உன்னால் இயலுமோ என்று குயவனுக்காக இரங்குகிறது. மற்றொன்றில், கணவனை இழந்த பெண் தனக்கும் அதில் இடமிருக்குமாறு அகலமாக வனைந்துதர வேண்டுகிறாள். இப்பாட்டுகள் அச்சேறிய ஐந்தாம் ஆண்டில் ரியாவின் கடப்பாரை ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் இறங்கியது.

யாகோர் தாழியைக் கொண்டு சென்றபோது அதற்குரிய பாட்டு ஏட்டுச்சுவடியில் கிடந்தது. பாட்டு அச்சில் வந்தபோது தாழிகள் மண்ணுக்குள்ளும் பெர்லினிலும் இருந்தன. பின்னர் இரண்டும் சென்னை நகரையே அடைந்தன. ஒன்று தமிழாசிரியரின் மேசைக்கும் மற்றொன்று கண்காணிப்பாளரின் அலமாரிக்கும் சென்றது. தாழிப் பாட்டைப் பல தலைமுறை மாணாக்கர் பாடமாகப் படித்தனர். அவர்களுள் தாழியைக் கண்ணால் கண்டவர் சிலரே. தாழியைக் கண்டவருள்ளும், அதன் வாயகலத்தைக் குறித்து ஒரு பெண் அழுதாள் என்பதை அறிந்தவர் சிலரே. சொல்லையும் பொருளையும் பிரித்து வைத்த கல்விமுறைக்கு நாம் கொடுத்த விலை இது.

பொருளின்றி நின்ற விழா

இனிக் கரிசல் நிலத்தின் பக்கம் நோக்குவோம். இங்கே நிலைமை தலைகீழானது. நினைவு உண்டு, அதனைத் தாங்கும் பொருள் இல்லை.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊரின் பெயரையே ஏட்டிலிருந்து நீக்கினார்கள் என்றும் வழிவழியாகக் கூறுவர். ஓர் அருங்காட்சியகத்திற்கு நேர் எதிரான செயல் உண்டென்றால் அது இதுவே. ஒன்று பொருளைக் காட்டி நினைவை எழுப்புவது. மற்றது பொருளை அழித்து நினைவைப் புதைப்பது.

புதைக்க முடியவில்லை. கயத்தாற்றில் அவர் உயிர்நீத்த இடத்தில் வழிப்போக்கர் ஆளுக்கொரு கல்லை இட்டுச் செல்ல, அது பெருங்குவியலாயிற்று என்பர். கதைப்பாடலாக அவ்வரலாறு ஊர் ஊராகப் பரவியது. அப்பாடலைத் தேடி ஆராய்ந்து பதிப்பித்தவர் பேராசிரியர் நா.வானமாமலை. கோட்டை இருந்த இடத்தில் சக்கம்மாள் கோயில் விழா கூட்டம் குறையாமல் நடந்துவருகிறது. சுவரும் கூரையும் நுழைவுச்சீட்டும் இல்லாமல் மக்கள் நடத்திய அருங்காட்சியகம் அக்கற்குவியல். அதில் பார்வையாளரே காட்சிப்பொருளை ஒவ்வொரு கல்லாக வளர்த்தனர். நடிகர் சிவாஜி கணேசன் கயத்தாற்றில் இடம் பெற்று 1970 ஆம் ஆண்டில் சிலை நிறுவினார். 1974 ஆம் ஆண்டில் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டையை எழுப்பி, உட்சுவர்களில் வரலாற்றை ஓவியங்களாகத் தீட்டியது. பழைய கோட்டையின் அடித்தளத்தைத் தேடி வருவோர்க்கு அங்கே புதிய கோட்டையே பெரிதாகத் தெரியும். ஆயினும் சக்கம்மாள் விழாவுக்கு வரும் மக்களுக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று. அவர்கள் காண வருவது கட்டடத்தை அன்று.

எட்டயபுரத்துப் பாரதி மணிமண்டபம் மற்றுமொரு பாடம். அதனை அரசு கட்டித்தரவில்லை. ‘கல்கி’ இதழ் வாயிலாக ரா.கிருஷ்ணமூர்த்தி விடுத்த வேண்டுகோளுக்கிணங்கத் தமிழ் மக்கள் நன்கொடை அனுப்பினர். காந்தியடிகள் தம் கையாலேயே தமிழில் வாழ்த்து எழுதி அனுப்பினார். 1945 ஆம் ஆண்டில் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 ஆம் ஆண்டு அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டு திங்களுக்குள், அவரே திறந்துவைத்தார். பணம் கொடுத்த வாசகரே விழாவுக்கு வந்த கூட்டம். தாம் கட்டியதைத் தாமே காண வந்தனர். இன்றும் திசம்பர் 11 அன்று கவிஞர்கள் எட்டயபுரம் செல்கிறார்களெனில் அவ்வழக்கத்தின் வேர் அந்நாளில் உள்ளது.

ஆக, சென்னையில் பொருள் இருந்தது, பாட்டு இல்லை; கரிசலில் பாட்டு இருந்தது, பொருள் இல்லை. எட்டயபுரம் மட்டுமே இவ்விரண்டும் ஒரளவு கூடிய இடம். அங்கே காட்டப்படுபவர் கவிஞராதலின் பாட்டே பொருளாகவும் நின்றது.

பள்ளத்தைச் சூழ்ந்த மக்கள்

பொருள் பிறந்த இடத்திற்கே மக்களை அழைத்த மாற்றம் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. அதற்கு வழி திறந்தது கீழடி. 2019 ஆம் ஆண்டு செப்டம்பரில் கீழடி ஆய்வறிக்கை வெளிவந்ததும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த அகழ்வுக் குழிகளைக் காண மக்கள் திரண்டனர். பேருந்துகளில் மாணாக்கர் வந்தனர். உழவரும் வணிகரும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் குழிக்குள் தெரிந்த செங்கற் சுவரைக் காட்டினர். அறிவிப்பும் அழைப்பிதழும் இல்லாமல் அகழாய்வுக் களமே கண்காட்சியாயிற்று. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் கீழடிப் பொருள்களின் கண்காட்சி தொடங்கியது. 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முதலில் மக்கள், பிறகு கண்காட்சி, பிறகு கட்டடம் என வரிசை அமைந்தது. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் இவ்வரிசை நேர்மாறானது.

ஆதிச்சநல்லூரிலும் காலம் கனிந்தது. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் தி.சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு எழுந்தது. 2020 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அளிக்கப்பட்ட நடுவணரசின் நிதிநிலை அறிக்கையில், களத்திலேயே அருங்காட்சியகம் அமையவுள்ள ஐந்து இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் அகழாய்வு மீண்டும் தொடங்கியது. பொன் நெற்றிப்பட்டம் ஒன்று மறுபடியும் வெளிப்பட்டது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் களக் காட்சியகம் திறக்கப்பட்டது. தாழிகளை எடுத்துச் செல்லாமல் கிடந்த நிலையிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் இட்டுள்ளனர். பார்ப்பவர் தாழிகளின்மேல் நின்று குனிந்து நோக்குகின்றனர். பெர்லினுக்குச் சென்ற தாழிக்கும் இதற்கும் இடையே 147 ஆண்டுகள். அன்று பொருள் மக்களிடமிருந்து பயணப்பட்டது. இன்று மக்கள் பொருளை நோக்கிப் பயணப்படுகின்றனர். சென்னையிலிருந்து இருப்புப்பாதை வழியே வருவோர் மணியாச்சியைக் கடந்தே அங்குச் செல்லவேண்டும்.

சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதை 2021 ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு சட்டப்பேரவையில் அறிவித்தது. அத்துடன் நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் அமையும் என்றும் கூறப்பட்டது. ரெட்டியார்பட்டிப் பகுதியில் கட்டப்பெற்ற அவ்வருங்காட்சியகம் 2025 ஆம் ஆண்டு திசம்பரில் திறக்கப்பட்டது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய மூன்று ஊர்களின் பொருள்களும் அவை பிறந்த ஆற்றுப்படுகைக்கு அருகிலேயே இன்று காட்சிக்கு உள்ளன.

இப்பெருங்கட்டடங்களுக்கு முன்பிருந்தே பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகம் சிறிய அளவில் செய்துவந்த பணியையும் மறத்தலாகாது. திங்கள்தோறும் ஒரு பொருளைச் சிறப்பாக எடுத்துக்காட்டுதல், மே 18 ஆம் நாளாகிய உலக அருங்காட்சியக நாளிலும் நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரத்திலும் மாணவர்க்கு ஓவிய, கட்டுரைப் போட்டிகள் நடத்துதல், கைவினைப் பயிற்சி அளித்தல் முதலியன அதன் வழக்கம். வ.உ.சிதம்பரனாரின் 150 ஆம் பிறந்த ஆண்டையொட்டி அவர் வாழ்க்கையைக் கூறும் ஒளிப்படக் கண்காட்சியொன்று பேருந்தில் அமைக்கப்பட்டுப் பள்ளிகளுக்குச் சென்றது. அவர் பிறந்த ஓட்டப்பிடாரமும் மணியாச்சியும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவை. நகர அருங்காட்சியகத்திற்கு வர இயலாத கரிசல் காட்டுச் சிறாருக்கு அருங்காட்சியகமே சக்கரம் பூட்டிக்கொண்டு வந்தது என்பது சிறு செய்தியன்று.

பெருமையும் பொறுப்பும்

கட்டடம் எழுந்துவிட்டது, பொருளும் வந்துவிட்டது. இனி அது உயிர்க் காலேஜா, செத்த காலேஜா என்பதை முடிவு செய்வன அங்கு நடக்கும் நிகழ்ச்சிகளே. இங்கே இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, கண்காட்சி வெறும் பெருமைக் கூடமாகிவிடுதல். ஒரு தாழியின் நெல்லுக்குக் கணித்த காலம் அந்நெல்லுக்குரியது. அதனை ஓர் இனத்தின் முழு வரலாற்றுக்கும் முத்திரையாகக் குத்திவிடுவது ஆராய்ச்சியாகாது. சிவகளை முதலிய இடங்களின் இரும்பின் காலம் குறித்து 2025 ஆம் ஆண்டு சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, அதனைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு செல்கிறது. அறிஞர்கள் அதனைத் தொடர்ந்து ஆராய்வார்கள், ஆராயவும் வேண்டும். காலத்தை எவ்வாறு கணித்தார்கள், எத்தனை மாதிரிகள், எந்த ஆய்வகம், எங்கே ஐயம் எழக்கூடும் என்பனவற்றைப் பார்வையாளர்க்கு எளிய தமிழில் விளக்கும் கண்காட்சியே அவர்களை மதிக்கும் கண்காட்சி. மக்களின் தலையை அளந்த காலம் போய், மக்களே அளவுகோலைக் கையில் எடுத்துப் பார்க்கும் காலம் வரவேண்டும்.

இரண்டாவது, ஆற்றங்கரையின் பழமைக்கு ஒளி பாய்ச்சும் வேகத்தில் கரிசலின் அண்மைக்காலம் இருளில் தங்கிவிடுதல். பொன் நெற்றிப்பட்டத்தைப் போற்றும் கண்ணுக்குக் கமலைக் கூனை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மின்விசை வந்தபின் கமலை போயிற்று. கூனையும் வடமும் வால்கயிறும் உருளையும் போயின. கமலை இறைத்தவன் பாடிய பாட்டும் போயிற்று. கம்பும் சோளமும் குதிரைவாலியும் சேர்த்து வைத்த குலுக்கைகள் அரிதாயின. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 ஆம் ஆண்டிலிருந்து இம்மானாவாரி நிலத்தின் பருத்தியையும் தானியங்களையும் ஆராய்ந்து வருகிறது. அதன் நூற்றாண்டு உழைப்பே ஒரு கண்காட்சிக்குரியது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் பெண்களின் விரல்கள் அடுக்கிய தீக்குச்சிகளும் தீப்பெட்டிகளின் மேலொட்டிய வண்ணச் சிட்டைகளும் ஒரு நூற்றாண்டின் உழைப்பு வரலாறு. தாழி செய்தவன் பெயர் நமக்குத் தெரியாது. தீப்பெட்டி ஒட்டியவள் பெயரையாவது அவள் பேரப்பிள்ளைகள் அறிவார்கள். அவர்கள் அறிந்திருக்கும்போதே அது பதிவாகவேண்டும்.

இப்பணியில் கரிசல் இலக்கியம் முன்னமே நடந்திருக்கிறது. கி.ராஜநாராயணன் தொகுத்த ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை அகராதி என்பதைவிடச் சொற்களாலான அருங்காட்சியகம் என்பதே பொருந்தும். உழவுக் கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும், மழையின் ஒவ்வொரு வகைக்கும், மண்ணின் ஒவ்வொரு நிறத்துக்கும் உழவன் வழங்கிய சொற்களை அவர் தேடி வைத்தார். பொருள் மறைந்த பின்னும் சொல் சிறிது காலம் நிற்கும்; சொல்லும் மறைந்தால் அப்பொருள் இருந்ததே தெரியாமற் போகும். 2021 ஆம் ஆண்டில் மறைந்த அவருக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் அமைத்து 2022 ஆம் ஆண்டில் திறந்தது. அவருடைய அகராதியிலுள்ள சொல்லுக்குரிய பொருளை ஊர் மக்கள் ஒவ்வொருவராகக் கொணர்ந்து வைக்கும் கண்காட்சியொன்று அங்கே நடக்குமாயின், கயத்தாற்றுக் கற்குவியல் மீண்டும் வளரத் தொடங்கும்.

இலக்கிய வட்டங்களின் கடன்

அருங்காட்சியகத்தை நடத்துவது அரசுத் துறை. ஆனால் அதற்கு நாவைக் கொடுக்க வேண்டியவர் புலவரும் கவிஞரும். ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்திருப்பதற்குக் காரணம் திங்கள்தோறும் சிலர் தவறாமல் கூடுவதே. அருங்காட்சியகம் உயிருடன் இருப்பதற்கும் அதுவே காரணமாகும். ஆதலின் இவ்விரண்டு கூட்டங்களையும் ஒன்றாக்குவது அரிய செயலன்று.

ஆதிச்சநல்லூர்க் கண்ணாடித் தளத்தருகே புறநானூற்றுத் தாழிப் பாடல்களை ஒருமுறையேனும் வாய்விட்டுப் படிக்கலாம். அக்கூட்டத்திற்கு இன்றும் சக்கரம் சுற்றும் குயவர் ஒருவரை அழைத்து, அவ்வளவு பெரிய தாழியை எவ்வாறு வனைந்திருப்பார்கள் என அவர் வாயாற் கேட்கலாம். பாட்டில் விளிக்கப்பட்டவன் குயவன். அவன் மறுமொழி இரண்டாயிரம் ஆண்டுகளாக எந்த நூலிலும் பதிவாகவில்லை. பாஞ்சாலங்குறிச்சி ஓவியங்களின்முன் கதைப்பாடலைப் பாட வல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓவியத்தைப் பார்த்து நகரும் மாணாக்கர் அப்பாட்டைக் கேட்டு நிற்பார்கள். பாளையங்கோட்டையின் திங்கட் காட்சிப்பொருளுக்கு வட்டத்துக் கவிஞர் ஒருவர் நான்கு வரிக் குறிப்பு எழுதலாம். துறையினரின் குறிப்பு பொருளின் நீளத்தையும் எடையையும் கூறும். கவிஞரின் குறிப்பு அதனைப் பிடித்திருந்த கையைக் கூறும். இரண்டும் வேண்டும்.

மணியாச்சியும் காத்திருக்கிறது. ஜூன் 17 அன்று ஆவணக்காப்பகத்திலுள்ள வழக்குத் தாள்களின் படிகளும், ஆஷ் நினைவு மண்டபத்தின் ஒளிப்படமும், வாஞ்சியின் காலத்து இருப்புப்பாதை அட்டவணையும் நிலைய மேடையில் ஒரு நாள் வைக்கப்பட்டால் போதும். கொன்றவர், கொல்லப்பட்டவர் ஆகிய இருவரின் காகிதங்களும் அருகருகே இருக்கட்டும். தீர்ப்பைப் படிப்பவர் செய்துகொள்வார். இணைப்பு வண்டிக்காகக் காத்திருக்கும் உழவரும் கல்லூரி மாணவியும் பூ விற்கும் பெண்ணும் அதன்முன் சற்று நேரம் நிற்பர். அவர்களுள் ஒருவர், தம் பாட்டனார் அந்நாளைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்றை அருகில் நிற்பவரிடம் சொல்லத் தொடங்குவார். அப்போது அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.